டேப்லெட்டிலிருந்து ஆம்ப்புக்கு: நடன வகுப்பிலும் சிறு மேடையிலும் பாட்டு ஒழுங்காகக் கேட்க

பரதநாட்டிய வகுப்புகளில் கேசட்டும் சிடியும் இருந்த இடத்தை டேப்லெட் பிடித்து வெகுநாளாகிறது. அலாரிப்பு முதல் தில்லானா வரை ஒரே பட்டியலில் வைக்கலாம், ஜதிக் கோர்வையை வேகம் குறைத்துப் போடலாம், ஒரு சரணத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டலாம். பாட்டு வகுப்பில் சுருதிப் பெட்டிக்குப் பதில் தம்பூரா ஆப். எல்லாம் வசதிதான், சத்தம் ஒன்றைத் தவிர. டேப்லெட்டுக்குள் இருக்கும் குட்டி ஸ்பீக்கர் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேகமாக வலுவிழந்துவிடும். ஆண் குரலுக்கு 1 கட்டையில் தம்பூரா வைத்தால் நடு ஷட்ஜம் 130.8 ஹெர்ட்ஸ், மந்தர ஷட்ஜம் 65.4 ஹெர்ட்ஸ். இரண்டின் அடிநாதமும் அந்த ஸ்பீக்கரில் ஏறக்குறைய வராது. மேலே உள்ள அதிர்வெண்கள் மட்டும் வந்து, மீதியைக் காது தானாக நிரப்பிக்கொள்கிறது. மிருதங்கத்தின் தொப்பிக்கும் இதே கதி: வலந்தலை டக்கென்று கேட்கும், இடது பக்கம் காணாமல் போகும்.

வெளி ஸ்பீக்கரோடு சேர்த்தால் இது தீரும். ஆனால் சேர்க்கும் விதத்தில்தான் வேலையே இருக்கிறது. குரல் மங்குவது, ரீங்காரம், பாட்டு பாதியில் நிற்பது என்று வகுப்பிலும் மேடையிலும் வரும் கோளாறுகளில் பெரும்பங்கு, நடுவில் ஓடும் ஒன்றரை மீட்டர் கேபிளிலும் அதன் இரு முனைப் பின்களிலும் பிறப்பவை. புது ஸ்பீக்கருக்குக் காசு எடுத்து வைப்பதற்கு முன் அந்த ஒன்றரை மீட்டரைச் சரிசெய்யுங்கள். முக்கால்வாசிப் பேருக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படாது.

முதலில் டேப்லெட்டின் வாசல்

3.5 மி.மீ. ஜாக் உள்ள டேப்லெட் என்றால் வேலை சுலபம். ஐபேடில் 2021-இல் வந்த ஒன்பதாம் தலைமுறைதான் ஜாக் உள்ள கடைசி மாடல். ஐபேட் ப்ரோவில் 2018 முதலும், ஏரில் 2020 முதலும், மினியில் 2021 முதலும், சாதாரண ஐபேடில் 2022-இன் பத்தாம் தலைமுறை முதலும் யுஎஸ்பி-சி மட்டும்தான். சாம்சங்கில் டேப் ஏ9 போன்ற விலை குறைந்த மாடல்களில் ஜாக் உண்டு. விலை உயர்ந்த எஸ் வரிசையில் எஸ்6 முதல் கிடையாது, ஆனால் எஸ்6 லைட்டில் இருக்கிறது. பெட்டியைப் பார்த்து முடிவு செய்யாமல் டேப்லெட்டின் விளிம்பைத் தடவிப் பார்த்துவிடுங்கள்.

ஜாக் இல்லாவிட்டால் யுஎஸ்பி-சி அடாப்டர் வேண்டும். இதில் இரண்டு ஜாதி. ஒன்றுக்குள் வெறும் கம்பிதான். டேப்லெட்டே அனலாக் ஒலியை யுஎஸ்பி வாசல் வழியாக அனுப்பினால்தான் அது பேசும், இல்லையென்றால் ஊமை. மற்றொன்றுக்குள் டிஏசி சிப் இருக்கும். டேப்லெட்டிலிருந்து டிஜிட்டலாக வாங்கித் தானே அனலாக்காக மாற்றும். ஐபேடுக்கு இரண்டாவதுதான் வேலை செய்யும், ஆண்ட்ராய்டுக்கும் அதுவே பத்திரம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருப்பதால் கடையில் "டிஏசி உள்ளதா" என்று வாய்விட்டுக் கேட்டு, முடிந்தால் அங்கேயே செருகிப் பார்த்து வாங்குங்கள்.

ஆப்பிளின் யுஎஸ்பி-சி அடாப்டர் சின்னதாக இருந்தாலும் தரமானது; ஐரோப்பாவில் விற்பது தவிர மற்றது சுமார் 1 வோல்ட் வரை கொடுக்கும். ஆனால் பல ஆண்ட்ராய்டு சாதனங்களில் அதைச் செருகினால் வால்யூமை முழுக்க ஏற்றினாலும் பாதிச் சத்தத்தில் நின்றுவிடுகிறது. அடாப்டருக்குள் இருக்கும் வால்யூம் முழுதாகத் திறக்கப்படாததுதான் காரணம். டேப்லெட் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், வேறு அடாப்டர் போட்டால் சரியாகிவிடும். செருகியும் ஒலி டேப்லெட்டின் ஸ்பீக்கரிலேயே வந்துகொண்டிருந்தால் ஆண்ட்ராய்டின் டெவலப்பர் அமைப்புகளில் யுஎஸ்பி ஆடியோ வழியை முடக்கும் ஒரு பொத்தான் உண்டு, யாராவது அதைத் தட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

96, 192 கிலோஹெர்ட்ஸ் என்று எழுதிய விலை உயர்ந்த டிஏசி இந்த வேலைக்குத் தேவையே இல்லை. ஆண்ட்ராய்டு பொதுவாக எல்லா ஒலியையும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றித்தான் வெளியே விடுகிறது. மாற்றாமல் அப்படியே அனுப்பும் வழி ஆண்ட்ராய்டு 14-இல்தான் முறையாக வந்தது. வீட்டில் ஹெட்ஃபோனில் உட்கார்ந்து கேட்பவர் அதற்காகச் செலவழிக்கலாம். சலங்கை ஒலிக்கும் கூடத்தில் அந்த வித்தியாசம் யார் காதுக்கும் எட்டாது.

எந்தத் துளையில் செருகுவது

டேப்லெட்டின் ஜாக்கிலிருந்து வருவது ஏறக்குறைய அரை வோல்ட்டிலிருந்து ஒரு வோல்ட் வரை. ஆம்ப்ளிஃபையரின் ஆக்ஸ் துளையும் மிக்சரின் லைன் துளையும் இந்த அளவை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. மைக் துளை எதிர்பார்ப்பது சில மில்லி வோல்ட்தான். டேப்லெட்டைக் கொண்டுபோய் மைக்கில் செருகினால் நூறு மடங்குக்கு மேல் அதிகமான சிக்னல் உள்ளே போகிறது. டேப்லெட்டின் வால்யூமைக் கீழே இறக்கிச் சமாளிக்கலாம் என்று தோன்றும். அப்போது டேப்லெட் தன் அடிமட்ட அளவில் ஓடும், மைக்கின் கெயின் (சிக்னலைப் பெருக்கும் குமிழ்) அதோடு சேர்ந்து இரைச்சலையும் தூக்கிவிடும், மெல்லிய இடங்களில் 'ஸ்ஸ்' என்ற சத்தம் பாட்டுக்கு மேல் நிற்கும். பலமான இடம் வந்தால் உடைந்து கரகரக்கும். இரண்டும் சேர்ந்து வந்தால் பின் எங்கே செருகியிருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

வகுப்பில் வீட்டு ஸ்டீரியோவோ, ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் ஸ்பீக்கரோ இருந்தால் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின்னிலிருந்து இரண்டு ஆர்சிஏ பின் வரும் கேபிள் போதும். நீளம் ஒன்றரை மீட்டர் முதல் மூன்று மீட்டர் வரை வைத்துக்கொள்ளலாம், ஐந்து மீட்டரைத் தாண்ட வேண்டாம். வார்ப்பு பிளாஸ்டிக் பின் உள்ள மலிவுக் கேபிளை வெட்டிப் பார்த்தால் உள்ளே தலைமுடி அளவுக்கு நாலைந்து செம்பு இழைதான் இருக்கும். பின்னின் கழுத்தில் மடிந்து மடிந்து சில மாதத்தில் அறுந்துவிடும். சென்னையில் ரிச்சி தெரு போன்ற இடத்தில் உலோக உறை உள்ள பின்னும் நல்ல ஷீல்டு கேபிளும் (உள்கம்பியைச் சுற்றி கிரவுண்டுக்கான பின்னல் உறை உள்ளது) தனியாக வாங்கி சால்டர் வைத்துக்கொண்டால் வருடக்கணக்கில் உழைக்கும். நுனி இடது சேனல், நடு வளையம் வலது சேனல், அடி உருளை இரண்டு ஷீல்டுக்கும். வெள்ளை ஆர்சிஏ இடது, சிவப்பு வலது. முடித்ததும் மல்டிமீட்டரில் நுனிக்கும் வெள்ளையின் நடு ஊசிக்கும் இடையே ஒரு ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். நுனிக்கும் வளையத்துக்கும், நுனிக்கும் உருளைக்கும் இடையே எதுவும் காட்டக் கூடாது. சால்டர் வைத்தபின் கேபிளை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே ஒருமுறை அளந்து பாருங்கள். அசையாமல் இருக்கையில் சரியாகக் காட்டும் இணைப்பு ஆட்டும்போது விட்டுப் போவதுண்டு.

கோயில் மண்டபத்திலும் பள்ளிக்கூடத்திலும் இருக்கும் பழைய ஒலிபெருக்கி ஆம்ப்கள் பெரும்பாலும் மோனோ. ஆக்ஸ் துளை ஒன்றுதான் இருக்கும். இடது பின்னை மட்டும் செருகினால் வலது பக்கம் பதிந்த வயலினோ புல்லாங்குழலோ போய்விடும். இரண்டு கம்பியையும் முறுக்கிச் சேர்த்து ஒன்றாகச் செருகுவது தப்பு: இடது வலது இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளும், ஒலி உடையும், டேப்லெட்டின் உள் ஆம்ப்புக்கும் கெடுதல். கம்பியில்தான் சேர்க்க வேண்டுமானால் ஒவ்வொரு பக்கமும் 1 கிலோ ஓம், கால் வாட் ரெசிஸ்டர் ஒன்று வைத்து, அதற்கு அப்பால் சேருங்கள். பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்று வரிவண்ணம் இருக்கும், இரண்டும் பின்னின் உறைக்குள்ளேயே அடங்கிவிடும்.

இதைவிடச் சுலபமான வழி டேப்லெட்டிலேயே இருக்கிறது. ஐபேடிலும் ஆண்ட்ராய்டிலும் அணுகல்தன்மை அமைப்புகளுக்குள் மோனோ ஆடியோ என்று ஒரு பொத்தான் உண்டு. அதைப் போட்டால் இடதும் வலதும் உள்ளேயே கலந்து இரண்டு பக்கமும் ஒரே ஒலியாக வரும். பிறகு இடது பின்னை மட்டும் ஆம்ப்பில் செருகினால் பாட்டு முழுதாகக் கேட்கும். காசு செலவில்லாத இந்தப் பொத்தானைப் பலர் திறந்தே பார்த்ததில்லை.

குரல் மட்டும் காணாமல் போவது

"அண்ணே, மியூசிக் வருது, பாடுற குரலைக் காணோம்." ஆண்டுவிழா மேடைகளில் சவுண்ட் சர்வீஸ்காரர் அடிக்கடி கேட்கும் புகார் இது. சேர்ந்து வரும் அடையாளங்கள்: குரல் போய், அதன் எதிரொலி மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும், நட்டுவாங்கமும் மிருதங்கமும் மெலிந்திருக்கும், ஓரத்தில் இருந்த வீணையோ குழலோ திடீரென்று முன்னால் வந்து நிற்கும். ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். ஃபைல் கெட்டுவிட்டது என்பார் ஒருவர், கரோக்கி ட்ராக்கை மாற்றிக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்பார் இன்னொருவர்.

ஸ்டுடியோவில் கலக்கும்போது குரலையும் தாளத்தையும் நடுவில் வைப்பார்கள், அதாவது இடதிலும் வலதிலும் ஒரே அளவில். இடதிலிருந்து வலதைக் கழித்தால் நடுவில் இருப்பதெல்லாம் பூஜ்யமாகிவிடும், ஓரத்தில் இருப்பது மட்டும் மிஞ்சும். எங்கேயோ அந்தக் கழித்தல் நடக்கிறது என்பதுதான் இந்தக் கோளாறின் பொருள். அது நடக்கும் இடங்கள் மூன்று.

முதலாவது, மேடையில் அதிகம் நடப்பது: 3.5 மி.மீ. ஸ்டீரியோ கேபிளின் மறுமுனையில் 6.35 மி.மீ. ஸ்டீரியோ பின் ஒன்றை மாட்டி மிக்சரின் ஒற்றைச் சேனலில் செருகுவது. அந்தத் துளை பேலன்ஸ்டு துளை. அதன் வேலையே நுனியில் வருவதிலிருந்து வளையத்தில் வருவதைக் கழிப்பது. கேபிள் வழியில் ஏறும் இரைச்சலைக் கொல்ல அப்படிச் செய்திருக்கிறார்கள். டேப்லெட்டோ நுனியில் இடதையும் வளையத்தில் வலதையும் அனுப்புகிறது. மிக்சர் தன் கடமையைச் செய்ய, குரல் போய்விடுகிறது. மோனோ ஆடியோ போட்ட டேப்லெட்டை இப்படிச் செருகினால் குரல் மட்டுமில்லை, மொத்தமும் போய் ஏறக்குறைய நிசப்தமாகிவிடும். சரியான கேபிள் எது என்றால், ஒரு முனையில் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின், மறுமுனையில் பிரிந்து இரண்டு 6.35 மி.மீ. மோனோ பின். கடையில் பி-38 மோனோ என்று கேட்டால் கொடுப்பார்கள். இரண்டையும் அடுத்தடுத்த இரண்டு லைன் சேனலில் செருகி ஒன்றின் பேன் குமிழை (ஒலியை இடது, வலது என்று ஒதுக்குவது) முழு இடதுக்கும் மற்றதை முழு வலதுக்கும் திருப்புங்கள். வெளியே மோனோ ஸ்பீக்கர் என்றால் இரண்டும் நடுவிலேயே இருக்கட்டும். மிக்சரில் ஸ்டீரியோ சேனல் இருந்தால் அதுவே மேல். அதில் இடது/மோனோ என்று எழுதிய துளையில் மட்டும் செருகினால் பெரும்பாலான மிக்சர்களில் இரண்டு பக்கமும் போகும்.

இரண்டாவது, பின் முழுசாக உள்ளே போகாதது. தடித்த உறை போட்ட டேப்லெட்டில் பின்னின் பிளாஸ்டிக் கழுத்து உறையில் முட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெளியே நிற்கும். அடி உருளை தொடாவிட்டால் கிரவுண்டு இல்லாமல் இடதும் வலதும் ஒன்றுக்கொன்று திரும்பும் வழியாகிவிடும், அதே கழித்தல். உறையைக் கழற்றிப் பாருங்கள், அல்லது கழுத்து மெலிந்த பின் வாங்குங்கள். துளைக்குள் பஞ்சும் தூசியும் அடைத்திருந்தாலும் இதுவே நடக்கும். டேப்லெட்டை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுக்கலாம், ஊசி வேண்டாம். கேபிளுக்குள் ஷீல்டு அறுந்திருந்தாலும் இதே விளைவு. பின்னின் உறையைக் கையால் தொட்டதும் ரீங்காரம் கூடுகிறது, குறைகிறது என்றால் கிரவுண்டு விட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, நாலு முனைப் பின். பின்னில் இரண்டு கறுப்பு வளையம் இருந்தால் மூன்று முனை, மூன்று கறுப்பு வளையம் இருந்தால் நாலு முனை, நாலாவது மைக்குக்கானது. இன்றைய டேப்லெட்டுகளில் நுனியிலிருந்து இடது, வலது, கிரவுண்டு, மைக் என்ற வரிசை. பழைய சில சாதனங்களில் கிரவுண்டும் மைக்கும் இடம் மாறியிருக்கும். நாலு முனை கேபிளை ஆம்ப்பின் மூன்று முனைத் துளையில் செருகும்போது கிரவுண்டு தொட வேண்டிய இடத்தில் மைக் தொட்டுவிடலாம், குரல் போய்விடலாம். ஆம்ப்புக்குப் போகும் கேபிள் எப்போதும் மூன்று முனையாகவே இருக்கட்டும். இன்னொரு காரணமும் உண்டு: நாலு முனைப் பின்னில் தொடர்பு விட்டு விட்டுப் பிடித்தால், ஹெட்செட்டின் பொத்தானை யாரோ அழுத்துகிறார்கள் என்று டேப்லெட் நினைத்துப் பாட்டை நிறுத்தும், சில நேரம் குரல் உதவியாளரையே எழுப்பிவிடும்.

பாட்டு நிற்பது பற்றிப் பேசுகையில்: பின் ஒரு கணம் கழன்றாலும் ஐபேடும் ஆண்ட்ராய்டும் தாமாகப் பாட்டை நிறுத்திவிடும், ஹெட்ஃபோன் கழன்றால் சத்தம் ஊருக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக. பஸ்ஸில் நல்ல ஏற்பாடு. குழந்தை வர்ணத்தின் நடுவில் அரைமண்டியில் இருக்கும்போது அது பெரிய கொடுமை. கேபிளின் எடை பின்னை இழுக்காதபடி மேசைக் காலில் ஒரு சுற்றுச் சுற்றி வெல்க்ரோ போடுங்கள். யுஎஸ்பி-சி அடாப்டர் என்றால் அதைத் தொங்கவிடாமல் டேப்லெட்டின் முதுகில் டேப் போட்டு ஒட்டிவிடுவது நல்லது.

ரீங்காரமும் சார்ஜரும்

பாட்டு போடும் முன்பே ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் நின்றால், முதலில் டேப்லெட்டின் சார்ஜரைக் கழற்றுங்கள். நின்றுவிட்டதா? காரணம் கிடைத்துவிட்டது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கிரவுண்டு வளையம் (சாதனங்களின் கிரவுண்டு ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் இணைந்து உண்டாகும் சுற்று) உண்டானால் அந்த 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளான 100, 150-உம் ஒலிக்குள் ஏறும். இரண்டு முள் சார்ஜரில் உயர் மின்னழுத்தப் பக்கத்தையும் வெளியீட்டுப் பக்கத்தையும் இணைக்கும் சின்ன கெப்பாசிட்டர் ஒன்று இருக்கும். அதன் வழியாகக் கசியும் துளி மின்னோட்டம் எர்த்தைத் தேடி ஆடியோ கேபிளின் ஷீல்டு வழியாக ஆம்ப்புக்குள் போகிறது. உலோக முதுகுள்ள டேப்லெட்டை சார்ஜில் இருக்கும்போது தடவினால் விரலில் ஒரு சுரசுரப்புத் தெரியுமே, அதே கசிவுதான். மலிவு சார்ஜரில் இது அதிகம்.

பேட்டரியில் ஓடும் டேப்லெட் எதோடும் சேராமல் மிதக்கிறது, வளையமே உண்டாகாது. ஆகவே நிகழ்ச்சிக்கு முன் முழு சார்ஜ், நிகழ்ச்சியில் பேட்டரி: இதைவிட நல்ல தீர்வு இல்லை. வகுப்பு நீளமானால் பவர் பேங்க் கொடுங்கள், அதுவும் மிதப்பதுதான். யுஎஸ்பி-சி மட்டும் உள்ள டேப்லெட்டில் ஒரே வாசலில் சார்ஜும் ஒலியும் வேண்டுமென்றால் சார்ஜ் வாசலும் டிஏசியும் சேர்ந்த அடாப்டர் கிடைக்கிறது. அதிலும் சுவர் சார்ஜரைவிட பவர் பேங்கே அமைதி. சார்ஜரில்தான் போட்டாக வேண்டும் என்றால் நடுவில் ஒரு ஐசொலேட்டர். உள்ளே ஒன்றுக்கு ஒன்று டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு இருக்கும். ஒலி காந்தப்புலமாகக் கடந்துபோகும், கம்பித் தொடர்பு அறுந்துவிடும். ரீங்காரம் சட்டென்று நிற்கும். ஆனால் தீப்பெட்டி அளவு மலிவு ஐசொலேட்டரின் இரும்புக் கரு சின்னது. பலமாக ஓட்டினால் கீழ்ச்சுருதி குழம்பும், தொப்பியின் 'தோம்' சப்பென்று கேட்கும். அதை வைக்கும்போது டேப்லெட்டின் வால்யூமைப் பாதி அளவில் வைத்து மீதியை ஆம்ப்பில் ஏற்றினால் கரு திணறாது.

ஆம்ப்பின் எர்த் முள்ளை ஒடித்துவிட்டால் ரீங்காரம் போய்விடும் என்று சொல்பவர்கள் உண்டு. போகலாம், ஆனால் ஆம்ப்புக்குள் ஒரு கம்பி கழன்று உடலைத் தொட்டால் மேடையில் மைக் பிடிப்பவர் உடல் வழியாக மின்சாரம் போகும். எர்த்தைத் தொடவே வேண்டாம். மாறாக மிக்சர், ஆம்ப், சார்ஜர் எல்லாவற்றையும் ஒரே சுவிட்ச் போர்டிலிருந்து எடுங்கள். மண்டபத்தின் எர்த் மேல் சந்தேகம் இருந்தால் எலக்ட்ரீஷியனை வைத்து அளக்கச் சொல்லுங்கள்: ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே சுமார் 230 வோல்ட் வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எர்த்தைக் கவனிக்க வேண்டும்.

மேடை விளக்கை மங்கச்செய்யும்போது மட்டும் 'ஜ்ஜ்ஜ்' என்ற கூர்மையான சத்தம் வந்தால் அது டிம்மரின் வேலை. ஒலிக்கும் ஒளிக்கும் தனித்தனி ஃபேஸ் கேளுங்கள். விட்டுவிட்டு 'டிட்-டிட்-டிட்' என்று வந்தால் பக்கத்தில் ஏதோ ஒரு கைபேசி 2ஜி-யில் கோபுரத்தோடு பேசிக்கொண்டிருக்கிறது. கைபேசியைக் கேபிளிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள்.

மேடையின் மறுகோடியில் மிக்சர் இருந்தால்

நட்டுவனார் பக்கம் டேப்லெட்டும் மண்டபத்தின் பின்னால் மிக்சரும் இருக்கும்போது 3.5 மி.மீ. கேபிளை நீட்டிக்கொண்டே போவது வேலைக்காகாது. அங்கே வேண்டியது ஸ்டீரியோ டிஐ பாக்ஸ். டேப்லெட்டிலிருந்து சின்ன கேபிள் பாக்ஸுக்கு, அங்கிருந்து இரண்டு எக்ஸ்எல்ஆர் (மூன்று ஊசி மைக்) கேபிள் மிக்சரின் மைக் துளைக்கு. 30 மீட்டர் தாராளமாகப் போகும். பேசிவ் வகை டிஐ-க்கு மின்சாரம் தேவையில்லை. பொதுவாக 12-க்கு 1 டிரான்ஸ்ஃபார்மர் ஒலியளவை மைக் அளவை நோக்கி இறக்கி பேலன்ஸ்டு ஆக்கிவிடும், கூடவே கிரவுண்டு வளையத்தையும் அறுக்கும். பாக்ஸின் பக்கத்தில் கிரவுண்டு லிஃப்ட் என்று ஒரு பொத்தான் இருக்கும். ரீங்காரம் இருந்தால் அதைத் தள்ளிப் பாருங்கள், எந்தப் பக்கத்தில் அமைதியோ அங்கேயே விடுங்கள்.

டிஐ இல்லாமல் 3.5 மி.மீ.-இலிருந்து நேரே எக்ஸ்எல்ஆர் என்று ஒரு கேபிள் விற்கிறார்கள். தவிர்த்துவிடுங்கள். மேலே சொன்ன கழித்தல் அதிலும் நடக்கலாம். அதைவிட மோசம், மிக்சரில் 48 வோல்ட் ஃபேன்டம் பவர் (மைக் கேபிள் வழியாகவே மைக்குக்கு அனுப்பும் மின்சாரம்) போட்டிருந்தால் அது நேராக டேப்லெட்டின் ஜாக்குக்குள் போய்விடும். கண்டென்சர் மைக்குக்காக எல்லாச் சேனலுக்கும் சேர்த்து ஒரே பொத்தானில் ஃபேன்டம் போடும் மிக்சர்கள் நிறைய. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ அந்த மின்னழுத்தத்தை டேப்லெட் பக்கம் விடாது.

புளூடூத் எங்கே போதும், எங்கே போதாது

தம்பூரா ஆப்புக்குப் புளூடூத் ஸ்பீக்கர் போதும். சுருதி நின்று ஒலிப்பது, தாமதம் தெரியாது. பாட்டுக்கும் தரத்தில் பெரிய குறையில்லை. ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைகளில் ஐபேடில் உள்ளது எஸ்பிசி அல்லது ஏஏசி, ஆண்ட்ராய்டில் 8.0 முதல் எல்டாக் கூட உண்டு. சிக்கல் தாமதத்தில். சாதாரணமாக 150 முதல் 250 மில்லி நொடி வரை பிந்தும். நிமிடத்துக்கு 80 அட்சரம் ஓடும் தாளத்தில் ஒரு அட்சரம் 750 மில்லி நொடி, அட்சரத்துக்கு நாலு மாத்திரை வரும் சதுஸ்ர நடையில் ஒரு மாத்திரை சுமார் 187. அதாவது புளூடூத் ஏறக்குறைய ஒரு மாத்திரை பிந்துகிறது. ஒரே ஸ்பீக்கரைக் கேட்டு ஆடுகிறவருக்குப் பாதகமில்லை. ஆசிரியர் பாட்டை நிறுத்தி அதே இடத்திலிருந்து தட்டிவிடும்போது கை ஒன்று, காது ஒன்றாக இருக்கும். ஒரு ஸ்பீக்கர் கம்பியிலும் இன்னொன்று புளூடூத்திலும் ஓடினால் ஜதி இரட்டையாகக் கேட்டு அடவு குலையும், அதைச் செய்யவே கூடாது.

மேடைக்குக் கம்பிதான். ஒத்திகையில் காலி மண்டபத்தில் நன்றாக ஓடிய புளூடூத், கூட்டம் நிறைந்ததும் விட்டுவிட்டு வரும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மனித உடல் உறிஞ்சும், அத்தனை கைபேசிகளும் வைஃபையும் அதே அலைவரிசையில் பேசும்.

அளவு வைப்பதும் கடைசிச் சோதனையும்

டேப்லெட்டில் டால்பி, ஈக்வலைசர், பாஸ் பூஸ்ட் எல்லாவற்றையும் அணையுங்கள். குட்டி ஸ்பீக்கரை ஏமாற்றிப் பெரிதாகக் காட்டச் செய்த ஏற்பாடுகள் அவை. பெரிய ஸ்பீக்கரில் குரலைக் கெடுக்கும். வால்யூமை 80 முதல் 90 சதவீதத்தில் நிறுத்தி, பாட்டிலேயே பலமான இடத்தை ஓட்டி, மிக்சரின் கெயினைச் சிவப்பு விளக்கு எரியாத அளவுக்கு ஏற்றுங்கள். ஃபேடர் (சேனலின் நகர்த்தும் வால்யூம்) பூஜ்யக் குறியில் இருக்கட்டும். செருகும்போதும் கழற்றும்போதும் சேனலை மியூட் செய்துவிட்டால் 'டப்' என்ற அடி ஸ்பீக்கரில் விழாது.

பாட்டுகள் டேப்லெட்டுக்குள் இறக்கப்பட்டிருக்க வேண்டும். மண்டபத்தின் வைஃபையை நம்ப வேண்டாம். ஒரு கைபேசியில் ஓடவிட்டு இன்னொன்றில் வாய்ஸ் நோட்டாகப் பதிந்து அனுப்பிய பாட்டை எந்த ஆம்ப்பும் காப்பாற்றாது, மூல ஃபைலைக் கேட்டு வாங்குங்கள். ஏரோப்ளேன் மோட், தொந்தரவு செய்யாதே இரண்டும் போடுங்கள். ஐபேடில் கைடட் ஆக்சஸ், ஆண்ட்ராய்டில் ஆப் பின்னிங் போட்டால் கை தவறிப் பட்டாலும் ஆப் மாறாது. ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லும் வேலை வெப்பம் 0 முதல் 35 டிகிரி. சித்திரை மாதத்தில் திறந்த மேடையில், சார்ஜும் ஏறிக்கொண்டிருந்தால் அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டி வெப்ப எச்சரிக்கையோடு திரை மூடிவிடும். நிழலில், உறை இல்லாமல், விளக்கு படாத இடத்தில் வையுங்கள்.

சோதனைக்குக் குரலும் தாளமும் சேர்ந்து தொடங்கும் ஒரு பாட்டைப் போடுங்கள். நடுக்குரல் கெட்டியாக வருகிறதா, பேன் குமிழைத் திருப்பினால் இடதும் வலதும் தனித்தனியாகப் பேசுகிறதா, பாட்டை நிறுத்தியதும் ரீங்காரம் ஏதும் நிற்கிறதா, பின்னை விரலால் லேசாக அசைத்தால் கரகரக்கிறதா: இந்த நாலும் சரியாக இருந்தால் வால்யூம் எண்ணையும் கெயின் குமிழின் நிலையையும் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில் எழுதி அந்தச் சேனலுக்கு அடியில் ஒட்டிவிடுங்கள். சால்டர் வைத்த இரண்டாவது கேபிள் ஒன்று, மேலே சொன்னபடி அளந்து பார்த்தது, டேப்லெட்டின் பையிலேயே இருக்கட்டும்.